ட்ரோலிங்குக்கு லைன் கவுண்டர் ரீல்: கனடாவிலிருந்து எதைக் கொண்டுவரச் சொல்லலாம்?

தென்பெண்ணைக்கரை (காவேரிப்பட்டணம்)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். அக்கா வீட்டுக்காரர் கனடாவில் ஒண்டாரியோ பக்கம் இருக்கிறார், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். உனக்கு என்ன வேண்டும் என்று மாமா கேட்டதும் லைன் கவுண்டர் (எத்தனை அடி லைன் வெளியே போயிருக்கிறது என்று காட்டும் எண்பெட்டி) வைத்த ட்ரோலிங் ரீல், அதாவது ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்து மீன் பிடிக்கும் ரீல் என்று சொல்லிவிட்டேன். சரி, எந்த மாடல் என்று எழுதி அனுப்பு, கடையில் போய் வாங்கிவிடுகிறேன் என்றார். அங்கேதான் நிற்கிறேன். தேடிப் பார்த்தால் ஒருவர் ஓகுமா என்கிறார், ஒருவர் டைவா என்கிறார், ஷிமானோவைத் தவிர எதையும் தொடாதே என்று இன்னொருவர். எல்லாமே அமெரிக்காவில் பெரிய ஏரிகளில் மோட்டார் படகில் போகிறவர்கள் சொல்வது. நம்ம பக்கத்துக்கு எது சரிவரும் என்று சொல்ல ஆளில்லை.

எனக்கு வேலை இரண்டு இடத்தில். ஒன்று, மேட்டூர் அணையின் பின்நீர், நாகமரைப் பக்கம். அங்கே உரிமம் வைத்திருக்கும் மீனவ நண்பர் ஒருவரோடு விடிகாலையில் போவேன், அவர் துடுப்புப் போட, நான் பின்னால் லூர் (செயற்கை இரை) இழுத்துக்கொண்டு வாளைக்குப் பார்ப்பேன். இன்னொன்று கடல். புதுச்சேரியில் படகு பேசி நண்பர்களோடு எப்போதாவது போவது உண்டு, வஞ்சிரம், சீலா, கிடைத்தால் சூரை.

இப்போது கையில் இருப்பது ஆன்லைனில் வாங்கிய விலை குறைந்த கவுண்டர் ரீல், கம்பெனி பெயர் வேண்டாம். எண் 100 என்று காட்டும்போது வீட்டு முன்னால் தெருவில் இழுத்து டேப் வைத்து அளந்தால் சுமார் 70 அடிதான் வருகிறது. ஈரம் பட்டால் கண்ணாடிக்குள் ஆவி படிந்து எண்ணே தெரியாது. மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது கடைசி இலக்கம் பாதி ஏறிய நிலையில் அப்படியே சிக்கிக்கொள்கிறது. அப்புறம் ரீசெட் பட்டனை நாலு தடவை அழுத்தினால்தான் நகரும்.

நம்பி வாங்கக்கூடிய ஒரு ரீல் சொல்லுங்கள். கியரில் ஓடும் கவுண்டர் நல்லதா, பேட்டரி போடுவது நல்லதா? பிரெய்டு (பின்னல் லைன்) சுற்றலாமா? ஒரே ரீலை அணைக்கும் கடலுக்கும் வைத்துக்கொள்ள முடியுமா? இனிமேல் மாமா இங்கே வர இரண்டு வருஷமாவது ஆகும், அதனால் தவறாக ஒன்றை வாங்கிவிடக் கூடாது என்று இருக்கிறது.

ஓசூர் ரீல் பட்டறை

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன், அந்தப் பழைய ரீலில் எவ்வளவு லைன் சுற்றியிருக்கிறது? ஸ்பூல் (லைன் சுற்றும் உருளை) விளிம்புக்கும் லைனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பாதிதான் நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் 100-க்கு 70 காட்டுவது அந்த ரீலின் குற்றம் மட்டும் இல்லை.

கியர் கவுண்டர் எதுவானாலும் சரி, இருநூறு டாலர் ரீலானாலும், அது லைனை அளப்பதில்லை. ஸ்பூல் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, அதை ஒரு பல்சக்கர விகிதத்தால் அடியாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். நம்ம டி.வி.எஸ். 50-ல் சின்ன சக்கரத்தை மாட்டி ஓட்டினால் மீட்டர் கூடுதலாகக் கிலோமீட்டர் காட்டும் இல்லையா, அதே கதை. கணக்குப் போட்டே பார்க்கலாம். நிறைந்த ஸ்பூலின் விட்டம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சுற்றுக்கு 15.7 செ.மீ. லைன் போகும், 100 அடிக்கு சுமார் 194 சுற்று. தயாரிப்பாளர் இந்தக் கணக்கில்தான் பல்சக்கரத்தை வெட்டியிருக்கிறார். இப்போது அதே ஸ்பூலில் லைன் குறைந்து விட்டம் 4 செ.மீ. ஆகிவிட்டால், 194 சுற்றுக்கு வெளியே போவது 80 அடிதான், கவுண்டரோ 100 என்றே காட்டும். விட்டம் 3.5 செ.மீ. என்றால் உங்கள் 70 அடி வந்துவிடும். லைன் வெளியே போகப் போக விட்டமும் குறையும், அதனால் முதல் 100 அடியில் சரியாக இருக்கும் ரீல்கூட 300 அடியில் கொஞ்சம் தப்பும். அளவுக்கு மீறி நிரப்பினால் மறுபக்கம் தப்பும், குறைவாகக் காட்டும்.

ஆகவே நம்பகம் என்பதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். எண் சரியா என்பது பெரும்பாலும் ஸ்பூலை எப்படி நிரப்புகிறோம் என்பதில் இருக்கிறது, அது உங்கள் கையில். இலக்கம் சிக்குவது, ஆவி படிவது, இரண்டு சீசனில் பல் தேய்வது, இவைதான் ரீலின் தரம்.

என் மேஜைக்கு வரும் ரீல்களில் கவுண்டர் பழுது என்றால் திறந்ததும் தெரியும். எண் சக்கரங்களை ஓட்டும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம், கடுகளவு பல், அதில் ஒன்றிரண்டு உருண்டிருக்கும். அல்லது எண் சக்கரங்களுக்கு இடையில் உள்ள ஊசி போன்ற அச்சில் உப்பு கட்டி வெள்ளையாக நிற்கும், அப்போதுதான் உங்களுக்கு நடப்பது போல இலக்கம் பாதியில் நிற்கும். மலிவு ரீல்களில் கவுண்டர் பெட்டிக்கு ரப்பர் வாஷரே இருக்காது, தண்ணீர் நேராக உள்ளே போகும். அடுத்த பழுது லெவல் விண்டு. லைனை இடவலமாக அடுக்கும் அந்த முன்பக்கத் தண்டில் ஓடும் ‘பால்’ என்கிற சின்ன உலோக நகம் தேய்ந்துவிடும். அது தேய்ந்தால் லைன் ஒரே இடத்தில் மேடாகக் குவியும், குவிந்தால் விட்டம் மாறும், விட்டம் மாறினால் எண்ணும் கெடும். எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது.

மாடல் சொல்கிறேன். உங்கள் இரண்டு வேலைக்கும் சேர்த்து என்றால் ஓகுமா கோல்ட் வாட்டர். சட்டம் கிராஃபைட், டிராக் (மீன் இழுக்கும்போது லைனை அளவோடு விட்டுக்கொடுக்கும் பிரேக்) கார்பன், கவுண்டருக்கு ஆவி படியாத கண்ணாடி, கவுண்டர் பல்சக்கரம் தானே எண்ணெய் விட்டுக்கொள்ளும் வகை என்று அவர்களே சொல்கிறார்கள், நான் பார்த்த வரைக்கும் அது பொய்யில்லை. மாமா கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்வார் என்றால் ஷிமானோ டெகோட்டா, விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சட்டம் உலோகம், டிராக் வழுவழுவென்று போகும், இழுக்கும்போது நெளியாது. டைவா சீலைனும் பல வருஷமாக ஏரிக்காரர்கள் நம்பும் ரீல்தான். அதே டைவாவின் அக்குடெப்த் விலை குறைந்தது, அணைக்கு மட்டும் என்றால் போதும், கடலுக்கு நான் சொல்ல மாட்டேன். பென் வார்ஃபேர் லைன் கவுண்டரும் கிடைக்கும், ஹெச்.டி.-100 கார்பன் டிராக் வாஷர் போட்டது, டிராக்கில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பேட்டரி வகை வேண்டாம். மின்சார ரீல்களில் இருக்கும் கணினிக் கவுண்டர் லைனைச் சுற்றும்போதே விட்டத்தைக் கற்றுக்கொண்டு திருத்திக் காட்டும், எண் துல்லியம்தான், ஆனால் அது ஆழ்கடலில் அடியில் போட்டுப் பிடிப்பவர்களுக்கானது, விலையும் எடையும் வேறு. கையால் சுற்றும் ரீலுக்கு கியர் கவுண்டரே நல்லது, பிரித்தால் புரியும், புரிந்தால் சரிசெய்யலாம்.

நாகமரைக் கரை

ஓசூர்காரர் சொன்ன ரீல் கணக்கு சரி. ஆனால் அணைத் தண்ணீரில் இழுப்பதற்கு நான் வேறு மாதிரி சொல்வேன்.

தம்பி, கவுண்டர் காட்டுவது வெளியே எவ்வளவு நரம்பு (லைன்) போயிருக்கிறது என்பதை. லூர் எத்தனை அடி ஆழத்தில் ஓடுகிறது என்பதை இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 60 அடி விட்டேன் ஆனால் வாளை வரவில்லை என்பவர்கள் நிறைய. ஒரே லூர் 60 அடி நரம்பில் ஓர் ஆழத்தில் ஓடும், 100 அடியில் இன்னும் கொஞ்சம் கீழே போகும், அதற்கு மேல் எவ்வளவு விட்டாலும் பெரிதாக இறங்காது, ஏனென்றால் தண்ணீருக்குள் இருக்கும் நரம்பின் இழுவையே லூரை மேலே தூக்கும். நரம்பு மெல்லியதானால் இன்னும் ஆழம் போகும், தடித்தால் குறையும். அதனால்தான் 20 பவுண்டு மோனோவில் (ஒற்றை இழை நைலான்) ஓடிய ஆழத்தில் 20 பவுண்டு பிரெய்டில் அதே லூர் ஓடாது, கீழே போய்க் கல்லிலோ முங்கிய மரத்திலோ மாட்டும். நாகமரைக்கும் பண்ணவாடிக்கும் நடுவே தண்ணீர் வடியும் காலத்தில் பாருங்கள், பழைய மரக்கட்டைகளும் பாறைகளும் எங்கெங்கே தலை நீட்டுகின்றன என்று. அதை மனதில் குறித்து வைத்துக்கொண்டால் எந்த ரீலும் தராத தகவல் அது.

கவுண்டரின் உண்மையான பலன் இதுதான்: மீன் அடித்த நேரத்தில் எத்தனை அடி நரம்பு வெளியே இருந்ததோ, அடுத்த சுற்றிலும் அதே அளவை விட முடியும். எண் 80 என்று காட்டியது உண்மையில் 72 அடியாக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த முறையும் 80-ல் நிறுத்தினால் அதே 72 தானே. எண் மாறாமல் இருந்தால் போதும், சரியான எண்ணாக இருக்க வேண்டும் என்று இல்லை. நீங்கள் ஒரு ராடு மட்டும் வைத்து இழுக்கிறவர், பக்கத்து ரீலோடு ஒத்துப்போக வேண்டிய தேவையும் இல்லை.

அந்த வேலைக்குக் கவுண்டர் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது, விலையும் குறைவு. பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும் பல நிற பிரெய்டு கடைகளில் கிடைக்கிறது. அதை ஒரு சாதாரண ரீலில் சுற்றினால் இரண்டு நிறம் போய் மூன்றாவதில் பாதி என்று எண்ணிக்கொள்ளலாம், ஸ்பூல் நிறைந்ததா காலியா என்ற கவலையே கிடையாது, நரம்பே அளவுகோல். விடியற்கால இருட்டில் நிறம் தெரியாது என்பது ஒன்றுதான் குறை, அதற்குத் தலையில் ஒரு டார்ச். நான் பல காலமாக இதில்தான் இழுக்கிறேன். கடல் பயணத்துக்குக் கவுண்டர் ரீல் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ரீல் வந்தாலும் அதிலும் இந்த நரம்பையே சுற்றுங்கள், ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

பரிசலில் இழுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரிசல் துடுப்புக்குத் துடுப்பு தலையை ஆட்டும், அந்த ஆட்டத்தில் லூர் ஒரு நேரம் வேகமாகவும் ஒரு நேரம் தொங்கியும் வரும். துடுப்புப் போடுகிறவர் முன்னால், நீங்கள் நேர் பின்னால், ராடு முனை தண்ணீரை ஒட்டித் தாழ்ந்து இருக்கட்டும். நல்ல ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்) ஒன்று கட்டாயம் போடுங்கள், இல்லையென்றால் நரம்பு முறுக்கேறி லெவல் விண்டில் சுருண்டு நிற்கும். கட்லா, ரோகு எல்லாம் லூரைத் துரத்தி வராது, வாளையும் விராலும்தான் வரும், அதனால் மெதுவாகப் போங்கள், நடக்கிற வேகம் போதும்.

இன்னொன்று, படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூர் நீர்த்தேக்கம் உரிமம் வாங்கிய மீனவர்களின் பிழைப்பு. தம்பி உரிமம் உள்ளவரோடு போகிறார், அது முறை. மற்றவர்கள் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் ராடைக் கொண்டு போகவே வேண்டாம். அங்கே இருக்கும் திமில் மஹசீர் உலகத்தில் காவிரிப் படுகையில் மட்டும் வாழ்வது, 2018-ல் மிக அருகிய இனம் என்று ஐ.யு.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம்) பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதற்கு லூர் இழுக்கிறேன் என்று யாராவது இங்கே எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

தென்பெண்ணைக்கரை

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். ஓசூர் அண்ணன் சொன்னது சரி, பார்த்துவிட்டேன், ஸ்பூல் பாதிதான் நிறைந்திருக்கிறது. கடையில் சுற்றிக் கொடுத்தது, 150 மீட்டர் பிரெய்டு மட்டும், அடியில் வேறு எதுவும் இல்லை.

கிருஷ்ணகிரி அணையிலும் அனுமதி கிடைத்தால் முயற்சி செய்யலாம் என்று ஓர் எண்ணம். கோல்ட் வாட்டரில் 20, 30, 45 என்று அளவு போட்டிருக்கிறதே, எது எடுப்பது? டெகோட்டாவிலும் 300-லிருந்து 800 வரை இருக்கிறது. பெரியது வாங்கினால் இரண்டுக்கும் ஆகுமா?

ஒண்டாரியோ தருமபுரி

ஊர் பாலக்கோடு, இப்போது மிசிசாகா. உங்கள் மாமா எந்தக் கடைக்குப் போவார் என்பதுவரை எனக்குத் தெரியும் தம்பி, அதனால் எழுதுகிறேன்.

இங்கே ஏன் எல்லோரும் லைன் கவுண்டர் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் புரிந்துகொண்டால் அளவு தேர்ந்தெடுப்பது சுலபம். ஒண்டாரியோ ஏரியின் அதிகபட்ச ஆழம் 244 மீட்டர், 802 அடி. கோடையில் மேல் தண்ணீர் சூடாகிவிடும், சினூக் சால்மன் 10 முதல் 13 டிகிரி குளிர்ச்சி இருக்கும் அடுக்கைத் தேடிக் கீழே போய்விடும். அந்த அடுக்கு இன்று 50 அடியில் இருக்கும், காற்று திரும்பினால் நாளை 90 அடியில். அதைப் பிடிக்க டிப்ஸி டைவர் என்ற ஒரு தட்டை லூருக்கு முன்னால் கட்டி, இத்தனை அடி லைன் விட்டால் இத்தனை அடி ஆழம் என்று அட்டவணை பார்த்து இறக்குவார்கள். படகின் இரண்டு பக்கமும் ஏழெட்டு ராடு நிற்கும். ஒன்றில் மீன் அடித்தால் மற்றவற்றையும் அதே அளவுக்கு மாற்ற வேண்டும். அதனால் அங்கே எண் சரியாக இருக்க வேண்டும், எல்லா ரீலும் ஒரே எண்ணைச் சொல்லவும் வேண்டும். இங்குள்ளவர்கள் ஒரே மாடல் ரீலை ஜோடி ஜோடியாக வாங்கி, ஒரே லைனை ஒரே அளவுக்குச் சுற்றுவது அதற்குத்தான். ஈயக்கம்பி உள்ளே ஓடும் லெட் கோர் லைனும் உண்டு, அது 10 கஜத்துக்கு, அதாவது 30 அடிக்கு ஒரு நிறம். நாகமரை அண்ணன் சொன்ன பல நிற நரம்பின் யோசனையும் அதுவும் ஒன்றேதான்.

கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டமே 52 அடி. மேட்டூர் 120 அடி, அதுவும் அணைச்சுவர் பக்கம், நாகமரையில் அவ்வளவு கிடையாது. இந்த ஆழங்களுக்கு 45 அளவு ரீல் வீண் பாரம். அது இங்கே 300 அடி செம்புக்கம்பி லைன் சுற்றுபவர்கள் வாங்குவது. கோல்ட் வாட்டர் என்றால் 20, டெகோட்டா என்றால் 500, அதற்கு மேல் போகாதீர்கள். கடலையும் சேர்த்து நினைத்தால் கோல்ட் வாட்டர் 30, டெகோட்டா 600, அதுதான் எல்லை. பெரிய ரீலில் இன்னொரு தொல்லை, நிரப்பவே நிறைய லைன் வேண்டும். அதைப் பாதி நிரப்பி வைத்தால் திரும்பவும் 100-க்கு 70 கதைதான்.

மாமாவுக்கு நான் சொல்வதை அப்படியே அனுப்புங்கள். பெட்டியைப் பிரிக்காமல் வாங்க வேண்டாம். கடையிலேயே எடுத்து ஹேண்டிலை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள், எண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாமல் ஒரே சீராக ஏற வேண்டும். 099-லிருந்து 100-க்குப் போகும் இடத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும், அங்கே மூன்று சக்கரமும் ஒன்றாகத் திரும்பும், சிக்கும் ரீல் அங்கேதான் சிக்கும். ரீசெட் பட்டனை ஒரே அழுத்தில் மூன்றும் பூஜ்யத்துக்கு வருகிறதா பார்க்கட்டும். பிறகு ஸ்பூலை ஃப்ரீயாக விட்டுக் கையால் உருட்டும்போது லெவல் விண்டும் கூடவே நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் லைன் போன கோணத்திலேயே வழிகாட்டியும் நிற்கும், லைன் பக்கவாட்டில் உரசாது. க்ளிக்கர் சத்தம் உரக்கக் கேட்க வேண்டும், ராடு பிடிப்பானில் நிற்கும்போது மீன் அடித்ததைச் சொல்வது அந்தச் சத்தம்தான். அப்புறம் ஹேண்டில் எந்தப் பக்கம். இந்த ரீல்களில் பெரும்பாலானவை வலதுகை ஹேண்டில், இடதுகை வேண்டுமென்றால் எல்லா அளவிலும் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே விற்பது அடிக்கணக்கு. ஜப்பானிலிருந்து வாங்கினால் மீட்டர் வரும், இரண்டையும் கலந்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

உத்தரவாதம் இங்கே வாங்கியதற்கு இந்தியாவில் செல்லுமா என்று கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். செல்லவில்லை என்றால் அந்தக் காசுக்கு ஒரு பால், ஒரு செட் டிராக் வாஷர் உதிரியாக வாங்கி வரச் சொல்லுங்கள். அங்கே அலைவதை விட அது மேல்.

அரூர் டூ கடல்

நான் கடல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், அணை எனக்குத் தெரியாது. சொந்த ஊர் அரூர், வேலை சென்னையில்.

தம்பி, வஞ்சிரத்துக்கு ட்ரோலிங் என்றால் படகு 5-லிருந்து 7 நாட் வேகத்தில் போகும். ராபாலா எக்ஸ்-ராப் மேக்னம் மாதிரி லூர்தான் பெரும்பாலும். அதில் 10, 20, 30 என்ற எண்ணே எத்தனை அடி ஆழம் ஓடும் என்பதைச் சொல்கிறது. லூர் தானே ஆழத்தைப் பார்த்துக்கொள்ளும்போது லைன் 110 அடியா 120 அடியா என்பது அங்கே பெரிய விஷயம் இல்லை. எங்களோடு வரும் படகு அண்ணன் ஒருவர் கவுண்டரே பார்க்க மாட்டார், லெவல் விண்டு எத்தனை முறை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகிறது என்று எண்ணுவார். ஒரு முறை போனால் எத்தனை அடி என்று கரையில் ஒருதரம் அளந்து வைத்துக்கொண்டால் போதும், எந்த லெவல் விண்டு ரீலும் கவுண்டர் ரீல்தான். உங்கள் பழைய ரீலையும் கவுண்டர் செத்த பிறகு இப்படிப் பயன்படுத்தலாம்.

கடலில் முக்கியம் டிராக். வஞ்சிரம் அடித்ததும் ஒரே ஓட்டமாக ஓடும், அந்த முதல் ஓட்டத்தில் டிராக் திக்கித் திக்கிப் போனால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும், அல்லது லைன் அறுந்துவிடும். லைன் வலிமையில் கால்பங்கிலிருந்து 30 சதவீதம் வரைக்கும் வையுங்கள். 30 பவுண்டு லைன் என்றால் 13.6 கிலோ, டிராக் மூன்றரை நாலு கிலோ. கையால் இழுத்துப் பார்த்து இது நாலு கிலோ என்று சொல்லாதீர்கள், மீன் கடையில் வைத்திருப்பார்களே தொங்கும் ஸ்பிரிங் தராசு, அதை லைன் முனையில் மாட்டி இழுத்து வையுங்கள். லூருக்கு முன்னால் ஒரு முழம் கம்பி லீடர் இல்லாமல் வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் போகவே கூடாது, அவற்றின் பல்லுக்கு பிரெய்டு ஒரு பொருட்டே இல்லை. லீடரை நீளமாகப் போட்டால் அதன் முடிச்சு லெவல் விண்டு வளையத்தில் தட்டும், தட்டும் இடத்தில்தான் அறும். அதனால் முடிச்சு வளையத்துக்கு வெளியிலேயே நிற்கும்படி லீடரைக் குட்டையாக வையுங்கள்.

உப்புத் தண்ணீர் விஷயத்தில் ஓசூர் அண்ணனோடு ஒத்துப்போகிறேன், கவுண்டர் ரீல் ஏரிக்காகப் பிறந்தது. கடலுக்குக் கொண்டு போகலாம், ஆனால் வீடு வரும்வரை தள்ளிப் போடாமல் கரையேறிய உடனே கழுவ வேண்டும். டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரைப் பூவாளியில் ஊற்றுவது போல மெதுவாக. பைப்பைப் பிடித்துப் பீய்ச்சி அடித்தால் உப்பு இன்னும் உள்ளே போகும், கவுண்டர் கண்ணாடிக்குள் வரும் ஆவியில் பாதி அப்படி வந்ததுதான். கழுவின பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் காய வையுங்கள், மாதக்கணக்கில் இறுக்கியே வைத்தால் வாஷர் ஒட்டிக்கொள்ளும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், மாமா பொங்கலுக்கு வருகிறார் என்றால் உங்களுக்கு மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் புதுச்சேரிப் பயணத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தென்பெண்ணைக்கரை

மாமாவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன்: கோல்ட் வாட்டர் 30, வலதுகை, அடிக்கணக்கு, கூடவே ஒரு பால், டிராக் வாஷர். 099 சோதனையையும் சேர்த்து எழுதினேன், கடையில் நின்று செய்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். பல நிற பிரெய்டு இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

ஓசூர் அண்ணா, ஒரே ஒரு கேள்வி. பிரெய்டு 200 மீட்டர்தான் வாங்கப் போகிறேன், அடியில் மோனோ போட வேண்டும் என்கிறார்கள், எவ்வளவு மோனோ போட்டால் சரியாக விளிம்புக்கு வரும் என்று எப்படித் தெரியும்? குறைந்தால் எண் தப்பும், கூடினால் மோனோவை வெட்டி எறிய வேண்டும்.

ஓசூர் ரீல் பட்டறை

கணக்கே வேண்டாம், தலைகீழாகச் சுற்றுங்கள். முதலில் காலி ஸ்பூலில் பிரெய்டு 200 மீட்டரையும் சுற்றுங்கள். அதன்மேல் மோனோவைக் கட்டி, விளிம்புக்கு 3 மி.மீ. கீழே வரும்வரை சுற்றி அங்கே வெட்டுங்கள். இப்போது அளவு சரியாகிவிட்டது, ஆனால் மோனோ மேலே இருக்கிறது. முழுவதையும் வேறொரு ரீலுக்கு மாற்றி, அங்கிருந்து இன்னொரு காலி ஸ்பூலுக்கு மாற்றி, அதிலிருந்து திரும்ப உங்கள் ரீலுக்குச் சுற்றினால் மோனோ அடியில் போய்விடும், பிரெய்டு மேலே வரும். உங்களிடம் பழைய ரீல் இருக்கிறது, நண்பரிடம் இன்னொன்று இருக்கும், சின்ன ஸ்பூல் என்றால் கயிறு சுற்றும் கட்டையே போதும். மோனோ அடியில் இருந்தால்தான் பிரெய்டு வழுக்காது, வெறும் பிரெய்டை ஸ்பூலில் கட்டினால் மீன் இழுக்கும்போது மொத்தமாகக் கழன்று சுற்றும், டிராக் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சுற்றும்போது ஈரத்துணியில் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றிய பிரெய்டு முதல் மீனிலேயே அடியில் புதைந்துவிடும், அடுக்கு குலையும், நீங்கள் பார்த்துப் பார்த்து நிரப்பிய விட்டமும் போய்விடும்.

பிறகு திறந்த மைதானத்துக்குப் போங்கள். டேப் வைத்து 100 அடிக்கு இரண்டு குச்சி நடுங்கள், நீங்கள் ரீலோடு ஒரு குச்சியில் நில்லுங்கள், நண்பர் லைன் முனையைப் பிடித்துக்கொண்டு அடுத்த குச்சிக்கு நடக்கட்டும். லைன் தொய்யாமல் இலேசான இழுப்பு இருக்கட்டும், ரீலில் டிராக் போடாமல் கட்டைவிரலால் ஸ்பூலைத் தடவிக்கொண்டே விடுங்கள். அவர் குச்சியைத் தொடும்போது எண்ணைப் படியுங்கள். 97-லிருந்து 103-க்குள் இருந்தால் தொடவே வேண்டாம். 110 என்று காட்டினால் ஸ்பூல் குறைவாக நிறைந்திருக்கிறது, மோனோவைக் கொஞ்சம் கூட்டுங்கள். 90 என்றால் கூடிவிட்டது. 200 அடிக்கும் ஒருமுறை பாருங்கள், என்ன எண் வருகிறதோ அதை ஒரு சின்னச் சீட்டில் எழுதி ரீலின் பக்கத் தட்டில் ஒட்டிவிடுங்கள், படகில் ஞாபகம் வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம்.

எண்ணெய் விஷயம், கேட்காமலே சொல்கிறேன். லெவல் விண்டின் தண்டுக்கு ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒரு சொட்டு மெல்லிய ரீல் எண்ணெய், அவ்வளவுதான். கிரீஸ் வைத்தால் மணலும் தூசியும் ஒட்டிப் பாலைத் தின்றுவிடும். கவுண்டர் பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள், எண் சக்கரங்களை ஒன்றுக்கொன்று சரியான இடத்தில் வைத்து மூட நிதானம் வேண்டும். ரீல் வந்ததும் கொண்டு வாருங்கள், திறந்து காட்டுகிறேன், பால் மாற்றுவதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள், பத்து நிமிஷ வேலை.